தோள் ஏன் வலிக்குது? விஆர் கண்ணாடி காட்டும் விடை

நெகிரி செம்பிலான் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள், அரிவாள் கட்டிய நீண்ட கழியைத் தலைக்கு மேல் தூக்கியே வேலை செய்கிறார்கள். தோள் வலி வருவது ஏன்?

தோளின் வெளித்தசைக்கு அடியில் நான்கு சிறு தசைகள் மூட்டைப் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தசைநார், தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே குறுகலான இடைவெளியில் போகிறது. கையைத் தூக்கத் தூக்க, அது அங்கே உரசிப் புண்ணாகலாம்.

சுவர்ப் படத்தில் இது பிடிபடாது. மெய்நிகர் உலகமான விஆரில் வெளித்தசையை விலக்கி, கையைத் தூக்க வைத்து, உரசும் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஏஆர் என்றால், அந்தத் தோள் நம் மேசை மேலேயே மிதக்கும்.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் ஹோலோலென்ஸ் கண்ணாடியில் இப்படிக் கற்பித்தது. அதன் இரண்டாம் பதிப்பின் விலை 2019-இல் 3,500 டாலராக இருந்தது. 2024-இல் உற்பத்தியும் நின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாது. ஆனா ஏஆருக்குக் கைப்பேசியே போதும். லைன் கிடைக்கும் இடத்தில் செயலியைப் பதிவிறக்கிக்கொண்டால் சரி.

தசைநாரின் இறுக்கத்தையோ, ஆளுக்கு ஆள் உடல் மாறுவதையோ கண்ணாடி கற்றுத்தராது. அதற்குத் தானமாக வந்த உடல்தான் வேண்டும். மலாயா பல்கலைக்கழகத்தில் 2012 முதல் அப்படி உடல் தந்தவர்களை ‘மௌன ஆசான்’ என்றே அழைக்கிறார்கள்.