பேசாப் பிள்ளையின் சான்று

நீர்வேலிப் பக்கத்திலே பிள்ளையொன்றின் கால் வீங்கினால், முறிவு நெரிவு வைத்தியரை நாடுவது நெடுங்கால வழக்கம். எண்ணெய் பூசிக் கட்டினால் வீக்கம் வற்றிவிடும். ஆனால், "இன்னும் தவழாத பிள்ளைக்குக் கால் எவ்வாறு முறிந்தது?" என்னும் வினா அந்தக் கட்டுக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். அவ்வினாவை உரத்துக் கேட்க மருத்துவ உலகுக்கே நூறாண்டு சென்றது.

1860ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவர் அம்புறுவாஸ் தார்தியே, கொடுமைக்குள்ளான 32 சிறுவரைப் பற்றி எழுதினார். அவருள் 18 பேர் இறந்தனர். உலகம் செவிசாய்க்கவில்லை. 1888இல் இங்கிலாந்தின் சாமுவேல் வெஸ்ட், ஒரே குடும்பத்துக் குழந்தைகள் பலருக்கு என்பு வீக்கங் கண்டும், அதனை என்பு மென்மையாகும் நோயென்றே கருதினார்.

1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. 1946இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் கஃபி, மண்டையோட்டினுள் குருதி தேங்கிய ஆறு குழந்தைகளின் கைகால் என்புகளில் 23 முறிவுகளைக் கண்டார். அவற்றை விளக்க என்புநோய் எதுவும் இருக்கவில்லை. 1962இலே ஹென்றி கெம்பும் துணைவரும் 302 சிறுவரைப் பற்றிய விவரந் திரட்டினர். 33 பேர் இறந்திருந்தனர், 85 பேருக்கு மூளை நிலையாகப் பழுதுற்றிருந்தது. அன்றுதான் இக்கொடுமை மருத்துவத்தில் பெயர் பெற்றது.

அறிகுறிகள் எளிதில் தோன்றா. நடை பழகாத பிள்ளையின் உடலிற் கன்றல், காதிலே காயம், மேலுதட்டை முரசோடு பிணைக்கும் மடிப்பின் கிழிவு, கோடு கீறினாற்போல இரு பாதங்களிலும் கொதிநீர்ப் புண், வெவ்வேறு காலத்து முறிவுகள், கண்ணின் உட்படலத்திற் குருதிக் கசிவு. எல்லாவற்றிலும் முதன்மையானது, சொல்லப்படும் கதை காயத்தோடு பொருந்தாமையே.

எனினும் அவசரம் ஆகாது. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பின்கீழ் நீலநிறம் உண்டு, அது அடியன்று. சிலருக்கு என்புகள் பிறவியிலேயே நொறுங்குந் தன்மையன. ஆகவே தீர்ப்புச் சொல்வது அயலாரின் பணியன்று. பிள்ளையை வைத்தியசாலைக்குச் சேர்ப்பிப்பதே அவர் பணி.

இலங்கையிலே 1995ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுவர் கொடுமையைத் தண்டனைச் சட்டக் கோவையிற் குற்றமாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்தது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. பேச வாயில்லாத பிள்ளைக்கு உடலே சாட்சி. அச்சாட்சியைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.