கடல் வழி வந்த நோயும் தொலைபேசி வழி வந்த வைத்தியமும்

பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்க மரத்தை மன்னாருக்கு வந்தோர் பலர் கண்டிருப்பர். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது மரபு. கடல் இக்கரைக்கு மரத்தை மட்டுமா கொண்டுவந்தது? கொள்ளைநோயையும் கொண்டுவந்ததுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் தோணிகளில் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அவர்களோடு நடந்தது. வழியில் விழுந்தவர் பலருக்கு, கூப்பிட்ட குரல் எட்டும் தொலைவில் வைத்தியர் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. பின்னாளில் தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமிலே சில நாள் தங்கவைத்துச் சோதித்தே அனுப்பினர். ஆளைத் தடுத்து வைப்பதே அக்காலத்து அரண்.

வைத்தியர் ஓரிடம், நோயாளி வேறிடம், இடையே செய்தி மட்டும் செல்லும் முறை கடலோடிகளின் பொருட்டே வளர்ந்தது. 1920ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கிலிருந்தும், 1935 முதல் உரோமிலிருந்தும் நடுக்கடற் கப்பல்களுக்கு வானொலி வழியே வைத்திய ஆலோசனை சென்றது. உரோம் நிலையத்தின் முதல் தலைவர் மார்க்கோனி.

2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதற் கொறோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச்சிலே ஊரடங்கு வந்தது. ஒவ்வொரு வீடும் நடுக்கடற் கப்பல்போலாயிற்று. 2021இல் நோயாளர் பெருகி வைத்தியசாலைகள் நிரம்பியபோது, வீட்டில் தங்கிய தொற்றாளர் 1390 என்னும் இலக்கத்தில் வைத்தியரோடு பேச வழி செய்யப்பட்டது. நிலைமை மோசமானால் 1990 அம்புலன்ஸ் இருந்தது. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய அச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்திருந்தது. இவ்வாறு, யார் வீட்டில் இருக்கலாம், யார் உடனே வைத்தியசாலை செல்லவேண்டும் எனப் பகுக்கும் பணி அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலைக் கடந்து வீட்டுத் திண்ணைக்கே வந்தது.

எனினும் செவி ஏமாறக்கூடும். இந்நோயிலே இரத்தத்தின் ஒட்சிசன் குறைந்தபின்னும் சிலர் தெளிவாகப் பேசினர். ஆகவே விரலில் மாட்டும் சிறு கருவி கண்ணாக உதவிற்று. மொழியும் உயிர்காப்பதே. நம்மவர் “களைக்குது” என்பர். அது வெறும் அயர்ச்சியாகவும் இருக்கலாம், மூச்சுத் திணறலாகவும் இருக்கலாம். அந்த வேற்றுமையைத் தமிழிலேயே கேட்டறிபவர் மறுமுனையில் இல்லையேல், கம்பி வந்தும் பயனில்லை.

அன்று காட்டு வழியில் விழுந்தவர் கூப்பிட்டார்; கேட்பார் இல்லை. இன்று குரல் சென்று சேர்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் செவியும், புரிந்தபின் விரைந்து வரும் வண்டியும் சேர்ந்தாலன்றி அது வைத்தியம் ஆகாது.