திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம்

திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் என்பது 1903 பெப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட கிறித்தவ நற்செய்திப் பணி அமைப்பாகும். வெளிநாட்டு மிஷன்களின் பொருளுதவியை எதிர்பாராது, திருநெல்வேலித் திருச்சபையாரின் காணிக்கையைக் கொண்டே பணி நடத்துவது இதன் நோக்கமாகும். இந்தியப் பணியாளர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றும் இதன் கொள்கையாக அமைந்தன.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகள் இங்கிலாந்து மிஷன் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்தன. சபையாருள் பனைத் தொழிலாளரும் சிறு உழவரும் மிகுதியாக இருந்தனர். உதவி பெற்று வளர்ந்த இம்மக்கள் பிறருக்கு உதவி அனுப்ப இயலுமா என்பதே சங்கத்தின் தோற்றத்திற்குக் காரணமான கேள்வியாகும்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பணியாற்றி வந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்த முயற்சியில் நடத்திய மிஷன் பணியைக் கண்டார். மறு ஆண்டு தொடங்கிய சங்கத்தின் முதற் செயலாளரும் அவரே.

காணிக்கை முறைகள்

பணவருவாய் குறைந்த சிற்றூர்களில் பொருளாகவே கொடுக்கும் வழக்கம் பரவியிருந்தது. பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபையில் சேர்ப்பது பிடி அரிசிக் காணிக்கை எனப்படும். அறுப்பின் பண்டிகையில் தானியம், காய்கறி, கோழி, ஆடு முதலியன படைக்கப்பட்டு, பின்னர் ஏலமிடப்பட்டுப் பணமாக்கப்படும். இதனால் கையில் காசில்லாத குடும்பமும் கொடுப்போரின் வரிசையில் இடம்பெற முடிந்தது.

தோர்ணக்கல் பணிக்களம்

அன்றைய ஐதராபாத் நிசாம் அரசில் இருந்த, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி முதற் பணிக்களமாயிற்று. இவ்வூர் இன்று தெலங்காணா மாநிலத்தில் உள்ளது. வேற்று மொழியும் வேற்று வழக்கமும் கொண்ட அங்கு, தமிழ்ப் பணியாளரும் அயலாராகவே நுழைந்தனர். தெலுங்கு கற்றபின்னரே பணி செய்ய இயன்றது. 1909இல் குருத்துவப் பணியேற்ற அசரியா தாமும் தோர்ணக்கல் சென்றார். 1912 திசம்பர் 29 அன்று கொல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயரானது அதுவே முதன்முறை.

தோர்ணக்கல் சபையாருள் பெரும்பாலோர் நிலமற்ற மாலா, மாதிகா மக்கள். வறியோரிடம் காணிக்கை கேட்பது முறையன்று என்ற கருத்தை அசரியா ஏற்கவில்லை. கொடுப்பதே அவர்களுக்குச் சபையில் உரிமையையும் மதிப்பையும் தரும் என்று அவர் கருதினார். பிடி அரிசி முறை அங்கும் வேரூன்றியது. கிறித்தவ ஈகை பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

தாக்கம்

1905 திசம்பர் 25 அன்று செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கம் இதே கொள்கையை இந்திய அளவில் மேற்கொண்டது. அதன் உருவாக்கத்திலும் அசரியா பங்கேற்றார். அவர் 1945 சனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலி, தோர்ணக்கல் ஆகிய இரண்டும் அதன் திருமண்டலங்களாயின. கொடுத்த சபையும் பெற்ற சபையும் அவ்வாறு ஒரே திருச்சபையில் சம நிலையில் அமைந்தன.