சோலைத் தீவுகளும் சருகுவாழ் சிற்றுயிர்களும்

'சோலை' என்னும் தமிழ்ச்சொல் இன்று ஆங்கில உயிரியல் நூல்களிலும் வழங்குகின்றது. நம் வழக்கில் அது மரமடர்ந்த நிழலிடம் எதனையும் குறிக்கும். அந்நூல்களிலோ மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரிடங்களில், புல்வெளி சூழ்ந்த பள்ளங்களில், ஓடைகளின் தலைப்பில் ஒடுங்கி நிற்கும் ஈரக்காடு ஒன்றையே குறிக்கும். பொருள் இங்ஙனம் சுருங்கியமை நமக்கு இழப்பன்று. நெடுந்தொலைவு தொடரும் காட்டுக்கும் தீவு தீவாய் நிற்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அச்சொல் தன்னுள் கொண்டுள்ளது. அத்தீவுகள் எவ்வாறு தோன்றின, அவற்றின் தரையில் வாழும் நத்தை, வண்டு, பூரான் முதலியவற்றின் வரலாற்றுக்கு அவை தரும் பொருள் யாது என்பனவே இங்கு ஆராயத்தக்கன.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தது. இங்கு நமக்கு வேண்டுவது மற்றொரு வகுப்பு: ஈரத்தை விட்டு நீங்க இயலுவன, இயலாதன என்பது. நத்தையின் உடல் நீரை எளிதில் இழக்கும். ஓட்டின் வாயை மூடும் மூடியுடைய நத்தை இனங்கள் வறட்சியைச் சில காலம் தாங்கும். ஆயினும் தாங்கியிருத்தல் வேறு, வழிநடத்தல் வேறு. சோலையின் விளிம்பைக் கடந்தால் பகலில் வெயிலும், தை மாத இரவுகளில் உறைபனியும், கோடையில் தீயும் புல்வெளியில் எதிர்ப்படும். பறவைக்குச் சில நொடிப் பயணமாகும் ஒரு புல்மேடு, சருகடியில் வாழும் உயிருக்குக் கடல் போன்றது.

இவ்வுயிர்களைப் பற்றிய நூலறிவு 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 'இண்ட்ரெல்லா' என்னும் பெரிய நத்தையைப் பென்சன் 1850-இல் விளக்கினார். சென்னை மாகாணக் காட்டுத்துறையின் தலைவராய் 1860 முதல் 1882 வரை விளங்கிய ரிச்சர்ட் ஹென்றி பெடோம் (1830–1911) மரங்களையும் பன்னங்களையும் ஆராய்ந்ததோடு அமையாமல், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மூடியுடைய நத்தைகளைப் பற்றி 1875-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர்ப் 'பிரித்தானிய இந்திய விலங்குகள்' என்னும் நூல்வரிசையில் நத்தைகளுக்கு 1908, 1914, 1921 ஆகிய ஆண்டுகளிலும், தரைவண்டுகளுக்கு ஆண்ட்ரூஸ் எழுதியவை 1929, 1935 ஆகிய ஆண்டுகளிலும் தொகுதிகள் வந்தன. இவை பேருழைப்பின் பயன். ஆனால் வரலாற்று மாணவனுக்கு இவற்றில் ஒரு பெருங்குறை தோன்றும். உயிர் கிடைத்த இடமாகப் பல பதிவுகளில் 'நீலகிரி', 'ஆனைமலை' என்று மலைப்பெயர் மட்டுமே உள்ளது. எந்தச் சோலை என்பது இல்லை. மலை முழுவதும் ஒரே இருப்பிடம் என்று கருதியோருக்கு அது தேவையாய்த் தோன்றவில்லை போலும்.

அக்கருத்துக்கு ஒரு பின்னணி உண்டு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பின் உதகை நகர் வளர்ந்தது; விறகுக்குச் சோலைகள் வெட்டப்பட்டன. கற்பூர மரம் எனப்படும் யூக்கலிப்டஸ் 1843-இல் கொணரப்பட்டது. 1860 முதல் தொட்டபெட்டாவில் சிங்கோனா பயிராயிற்று, தேயிலையும் பரவிற்று. புல்வெளி பயனற்ற வெற்றிடம் என்றும், காடு அழிந்ததால் தோன்றியது என்றும் கருதப்பட்டது. தோதவரின் எருமைகள் மேய்ந்த நிலம் ஆட்சியாளர் கண்ணுக்கு வெற்றிடமாய்ப் பட்டதில் வியப்பில்லை.

இக்கருத்து 1938-இல் வெளிப்படையான வழக்காயிற்று. சி. ஆர். ரங்கநாதன், உறைபனியே திறந்த வெளியில் சோலை மரக்கன்றுகளைக் கொல்கிறது, ஆதலின் சோலையும் புல்வெளியும் இரண்டுமே இயற்கையின் நிலைபேறுகள் என்றார். அவ்வாண்டிலேயே போர் என்னும் அறிஞர் தீயும் மேய்ச்சலுமே புல்வெளிக்குக் காரணம் என மறுத்தார். வழக்கில் நிலமே பணயமாக இருந்தது. புல்வெளி மனிதனால் விளைந்த சிதைவெனில் அதில் மரம் நடுதல் திருத்தமாகும். இயற்கையெனில் அது அழிவாகும். தீர்ப்பு வருமுன்பே நடவு முந்திக்கொண்டது. 1950-களுக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரங்கள் புல்வெளிகளில் பரந்த அளவில் நடப்பட்டன.

சான்று 1993-இல் வந்தது. சுகுமாரும் உடனாய்வாளரும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் அடுக்குகளில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுக்காலத் தட்பவெப்ப மாற்றத்தை வெளிப்படுத்தினர். வறண்ட பனியூழிக் காலத்தில் புல் ஓங்கியது. ஈரமிக்க காலங்களில் அது பின்வாங்கியது. ஆகவே கோடரிக்கு மிக முன்பே புல்வெளி இருந்தது என்பது உறுதி. தீயும் மேய்ச்சலும் அதன் எல்லைகளை மாற்றியிருக்கலாம். அதனைப் படைத்தன என்றல் பொருந்தாது.

இம்முடிவு சருகுவாழ் உயிர்களின் வரலாற்றைத் திருப்பிப் படிக்கச் செய்கிறது. அவற்றின் தனிமை நேற்று விளைந்ததன்று. ஜாஹ்னவி ஜோஷியும் கே. பிரவீண் கராந்தும் 'டிஜிட்டிப்பெஸ்' என்னும் பூரான் இனங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, தக்காண எரிமலைகள் பொங்கிய காலத்தில், ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தென் மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வகை உயிர்களுக்குப் புகலிடமாய் இருந்திருக்கலாம் என்று 2013-இல் காட்டினர். அத்துணைப் பழமை வாய்ந்த குடியினர் இவை.

பழந்தனிமைக்குப் பழகிய உயிர் புதுத்தனிமையையும் தாங்கும் என்று கூறுவார் உளர். நெதர்லாந்தின் டிரெந்தே மாநிலத்தில் டென் போயர் 1959 முதல் தரைமட்டத்தில் கலங்களைப் புதைத்து வண்டுகளை எண்ணிவந்தார். இடம்பெயரும் ஆற்றல் குறைந்த இனம் சிறு துண்டு நிலத்தில் ஒருமுறை அற்றுப்போனால் மீண்டும் குடியேறுதல் அரிது என்பது அவர் கண்டது. காட்டினூடே செல்லும் சாலையைக் கூடக் காட்டுவண்டுகள் கடப்பது அரிது என மாடர் ஜெர்மனியில் 1984-இல் காட்டினார். பழந்தனிமையில் தாங்கும் ஆற்றல் வளரலாம். மீளக் குடியேறும் ஆற்றல் வளராது. சோலை ஒன்று சுருங்குந்தோறும், அதிலுள்ள நத்தைக் கூட்டத்துக்கு ஈடுசெய்ய அடுத்த சோலை உதவுவதில்லை.

புல்வெளியில் மரம் நட்டால் தீவுகள் இணையுமே என்னும் வினாவும் எழும். நிழல் இணையலாம், சருகு இணைவதில்லை. கற்பூர இலை எண்ணெய்ப்பசை மிக்கது. அதன் அடித்தரை சோலைச் சருகின் ஈரத்தையும் மென்மையையும் உடையதன்று. சீகை நிழலில் சில சோலைக் கன்றுகள் முளைக்கின்றன என்பது உண்மையே. அதனைக் கொண்டு புல்வெளியின் அழிவை நியாயப்படுத்த முடியாது: பழனி மலையில் மட்டும் 1970-களுக்குப் பின் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது.

கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 116 எக்டர் பரப்பே உடையது. சுற்றிலும் தேயிலையும் குடியிருப்பும். அதன் நீர் கீழுள்ள சிற்றூர்களுக்குப் பயன்படுகின்றது. காடொன்று ஈரநிலம் என்று ஏற்கப்பட்டமை கருதத்தக்கது. பெடோமின் நத்தைகளுள் எவை இச்சோலையில் இருந்தன என்று கேட்டால், 'நீலகிரி' என்று மட்டும் எழுதிய பழைய சீட்டுகளால் விடை தர இயலாது. இனி எடுக்கும் ஒவ்வோர் ஓட்டுக்கும் சோலையின் பெயரையும், ஓடையின் பெயரையும், மலைவாழ் மக்கள் அவ்விடத்துக்கு வழங்கும் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தல் வேண்டும்.