யாரைப் பார்த்து எழுதினே?

கணக்கில் தொண்ணூறு வாங்கின சேரிப் பிள்ளையிடம் 'யாரைப் பார்த்து எழுதினே?' என்று கேட்ட வாத்தியாரை எனக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அதே கேள்விதான்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்ட் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சத்து ஏழைப் பிள்ளைகள். பொலிவியாக்காரர் ஹைமே எஸ்கலாந்தே 1974இல் அங்கே கணக்கு வாத்தியாரானார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர், கால்குலஸ் என்கிற நுண்கணிதத்தில் கல்லூரித் தரத் தேர்வு எழுதித் தேறினார்கள். பாராட்டு வரவில்லை, சந்தேகம் வந்தது. விடைகள் ஒத்துப்போகின்றன என்று 14 பேர்மேல் குற்றம் சாட்டியது தேர்வு நிறுவனம். பெயரையும் பள்ளியையும் பார்த்துத்தான் சந்தேகம் என்றார் எஸ்கலாந்தே. எனக்கும் அப்படித்தான் படுகிறது. பணக்காரப் பள்ளி என்றால் இந்த வேகம் இருந்திருக்குமா? மறுபடி எழுதிய 12 பேரும் மறுபடி தேறினார்கள்.

1988இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' சினிமா இதையெல்லாம் ஒரே வருஷத்து அதிசயமாக்கிவிட்டது. அது பொய். கீழ்வகுப்பு அல்ஜீப்ராவிலிருந்தே அடித்தளம் போட்டார்கள். கோடை லீவிலும் வகுப்பு. தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸ் பின்னால் நின்றார். பல வருஷ உழைப்பு இது. 1987இல் 85 பேர் தேறினார்கள்.

பிறகு கிராடியாஸ் போனார். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்று ஆசிரியர் சங்கத்தோடு தகராறு. 1991இல் எஸ்கலாந்தேயும் போனார். அதன்பின் தேறுகிறவர்கள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.