சே துர்மியோ

மாட்ரிட்டில் இருக்கும் என் பேத்திக்குத் தெரிந்த தமிழ் 'தாத்தா' ஒன்றுதான். அவளோடு பேசவே எழுபது வயதில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். 'தூங்கிப் போகிறேன்' என்பதற்கு 'மே துயெர்மோ'. 'தூங்கிப் போனேன்' என்றால் 'மே தோர்மி'. 'தூங்கிப் போனாள்' என்பதோ 'சே துர்மியோ'. ஒரே வினைக்கு மூன்று முகம்! தினமும் தப்பாகச் சொல்வேன், அவள் சிரிப்பாள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. லத்தீனில் அழுத்தம் விழுந்த குறில் ஒகரம் ஸ்பானிஷில் 'உயெ' என்று உடைந்தது. புதிது என்னும் 'நோவுஸ்' 'நுயேவோ' ஆனதும் அப்படித்தான். நெப்ரிஹா 1492-ல் அந்த மொழிக்கு இலக்கணம் அச்சிடுவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் வாயில் நடந்த மாற்றம் இது.

இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் ஒகரம் உடையவில்லை. ஆனால் படர்க்கை விகுதியின் 'யோ', முன்னால் இருந்த ஒகரத்தை உகரமாக்கிவிட்டது.

அந்த 'சே' எதற்கு? அது இல்லாவிட்டால் வெறும் 'தூங்கினாள்'. சேர்த்தால் 'தூங்கிப் போனாள்'. நம் 'போ' செய்யும் வேலைதான்.

நேற்று நான் கதை சொல்லச் சொல்லக் கேட்டபடியே பேத்தி கண்ணை மூடிவிட்டாள். தமிழ் தெரியாத மருமகள் போனை எடுத்தாள். "சே துர்மியோ" என்றேன். தப்பில்லை.