தொட்டிலும் தராசும்

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயினும், அவ்வுண்மையை ஆள்வோர் ஒப்புக்கொண்டு அதற்கெனப் பொருள் ஒதுக்கப் பல காலம் ஆயிற்று. நம் சென்னையில் அம்முயற்சி வளர்ந்த வரலாற்றை நேயர்களுக்குச் சுருங்கக் கூற விரும்புகிறேன்.

1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைவராக விளங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நாளொன்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு அது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் பெருகியது. ஆனால், அரசாங்கம் அச்செலவுக்கு இசையாமையால் 1925-இல் அது நின்றுபோயிற்று. பின்னர், 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாக மலர்ந்தது.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும், இவற்றின் பயன் பள்ளிவாயிலை எட்டிய பிள்ளைக்கே கிட்டியது. அப்பிள்ளையோ தன் வளர்ச்சியின் மிக விரைந்த பருவத்தை முன்னரே கடந்துவிட்டது. பிறந்தபோது இருந்த எடை ஓராண்டில் ஏறக்குறைய மும்மடங்காகிறது. மூளை தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே முடித்துக்கொள்கிறது. அக்காலத்தில் நேர்ந்த குறையைப் பிற்காலத்துச் சோறு முழுவதும் ஈடுசெய்வதில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. நாள்தோறும் குழந்தையைக் காணும் தாயின் கண்ணுக்கு மெல்ல நிகழும் தளர்ச்சி புலப்படுவதில்லை. டேவிட் மோர்லி என்னும் ஆங்கில மருத்துவர் நைஜீரிய நாட்டுச் சிற்றூரில் பணியாற்றியபோது, குழந்தையின் எடையைத் திங்கள்தோறும் அட்டையில் குறித்து, கோடாக வரைந்து காட்டும் முறையை உருவாக்கினார். கோடு ஏறினால் நலம்; ஏறாது நின்றால் எச்சரிக்கை.

அம்முறையை நம் மாநிலம் பெரிய அளவில் கையாண்டது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு திங்கள் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை ஊர்ப் பெண்களே மாதந்தோறும் நிறுத்தனர். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு உருண்டை தந்தனர், தேறியதும் நிறுத்தினர். தாய்க்கு, என்ன ஊட்டுவது, வயிற்றுப்போக்கின்போது என் செய்வது என்று கற்பித்தனர். அத்திட்டம் நடந்த ஊர்களில் கடும் ஊட்டக்குறை தணிந்தது. 1975-இல் தோன்றிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுந்த சத்துணவுத் திட்டமும் பள்ளி செல்லாச் சிறாரையும் பந்திக்கு அழைத்தன.

உணவு மட்டும் போதுமா? நம் கோட்டூர்புரத்தையே பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, சித்ரா நகர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தூய நீர் இல்லாத வீட்டில் குழந்தைக்கு அடிக்கடி பேதி வரும். உண்ட உணவு உடலில் ஒட்டாது. தாய் விடியலில் வேலைக்குச் சென்றால், ஊட்டும் கை எங்கே? ஆகவே குழாயும், கழிவுநீர் வாய்க்காலும், தாய்க்குக் கிடைக்கும் ஓய்வும் குழந்தையின் எடையில் சேர்ந்தே நிற்கின்றன.

இதே கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. அதில் அமர்ந்து கற்கும் ஆற்றலுக்கு அடித்தளம் தொட்டிலிலேயே இடப்படுகிறது. ஆதலால் ஒன்று வேண்டுகிறேன். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைத் தாய்மாரின் பொறுப்பென்று மட்டும் விட்டுவிடாமல், தந்தையரும் பாட்டன்மாரும் உடன் செல்லுங்கள். அட்டையிலுள்ள கோட்டைக் கேட்டறியுங்கள். கோடு ஏறாது நின்றால் அன்றே காரணத்தைத் தேடுங்கள். மறுமாதம் பார்ப்போம் என்று வாளா இருந்துவிடாதீர்கள்.